வாசிக்கிறது பாப்பா இல்ல

என் கண்ணைக் கட்டிய துண்டில் பன்னீர்ப் புகையிலை வாசனை அடித்தது. பின்னாளில் எனக்கு வந்த சந்தேகமெல்லாம் அந்த வாசனையில்தான் தொடங்கியது.

அறுபதுகளின் தொடக்கம். நான் கடலூரில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி நடந்தது. அப்பா என்னை மேடையில் ஒரு மேஜைமேல் உட்காரவைத்து, மடியில் கிடாரைக் கொடுத்திருந்தார். பெரியவர்கள் வாசிக்கும் அளவுக் கிடார் அது. கீழே இருந்தவர்களுக்கு என் நெற்றியும் ரிப்பனும் மட்டும்தான் தெரிந்திருக்கும். இரண்டு சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு மூன்றாவதைத் தொடங்கியபோது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"நிறுத்துங்க சார். வாசிக்கிறது பாப்பா இல்ல. பின்னால ரிக்கார்டு ஓடுது."

எனக்குக் கை நின்றுவிட்டது. ஓரமாக நின்றிருந்த அப்பா நடு மேடைக்கு வந்து கும்பிட்டார். "ஐயா மேல வரட்டும். எங்க வேணும்னாலும் பாத்துக்கட்டும்" என்றார்.

அந்த ஆள் மேலே வந்தார். மேஜை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். மைக்கை அணைக்கச் சொன்னார். அப்படியும் திருப்தி இல்லாதவர்போலத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டினார். "இப்ப வாசிக்கட்டும், பாப்போம்."

வாசித்தேன். கண் மறைந்ததால் என் விரலுக்கு ஒரு குறையும் வரவில்லை. பயம் மட்டும் இருந்தது. முடிந்ததும் எழுந்த கைதட்டலில் மேஜை அதிர்ந்தது. துண்டை அவிழ்த்த அதே ஆள் என் தலையில் கைவைத்து, "மன்னிச்சிக்கம்மா, பெரிய ஆளா வருவ" என்றார். மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்த சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்தக் கிடார் எங்களுடையது இல்லை. அப்பாவின் பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அவர் வீட்டில் அதை வைத்துக்கொள்ள விடவில்லை. "கொஞ்ச நாளு இங்க இருக்கட்டும் மச்சான்" என்று எங்கள் வீட்டில் சாய்த்துவைத்துவிட்டு மறுபடி கப்பலேறிப் போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாயங்காலம் பார்க்கில் ரேடியோ பாடும். பாட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவேன். கீழே விழுந்த திருகாணியைத் தரையில் தடவித் தேடுவதுபோலக் கம்பிகளில் அதைத் தேடுவேன். கிடைக்கும்வரை சாப்பிட மாட்டேன். விரல்நுனி உரிந்தது, எரிந்தது, பிறகு காய்த்துப்போனது. எவர்சில்வர் டம்ளரில் விரலால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும்.

அப்பா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டுக்கு வந்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வது வழக்கம். ஒருநாள் பேப்பர் கீழே இறங்கியது. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நான் தனியாக வாசித்ததாக ஞாபகம் இல்லை.

பொருட்காட்சிக்குப் பின் பண்ருட்டியில் கூப்பிட்டார்கள், விருத்தாசலத்தில் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் மூன்றாவது பாட்டில் யாராவது எழுந்து, வாசிக்கிறது பாப்பா இல்ல என்றார்கள். பண்ருட்டியில் எழுந்தவருக்கு மீசை இருந்தது. விருத்தாசலத்தில் எழுந்தவர் ஜிப்பா போட்டிருந்தார். மேடை விளக்கு கண்ணில் அடிக்கும், துண்டைக் கட்டுகிறவர் எனக்குப் பின்னால் நிற்பார். அதற்குமேல் எதுவும் தெரியாது. ஆனால் துண்டு கண்ணில் ஏறியதும் அதே பன்னீர்ப் புகையிலை. சந்தேகப்படுகிற ஆம்பிளைகள் எல்லோரும் அந்தப் புகையிலைதான் போடுவார்கள் போலிருக்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குரலை அப்படி விட்டுவிட முடியவில்லை. 'இல்ல' என்று சொல்லும்போது அந்தக் குரல் மேலேயிருந்து கீழே ஒரு படி வழுக்கி இறங்கும். மஞ்சக்குப்பத்திலும் இறங்கியது, விருத்தாசலத்திலும் அதே இடத்தில் இறங்கியது. கிடாரைக் கொடுத்தால் நான் அதை வாசித்தே காட்டியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அப்பா, அவரு போன தடவ வந்தவருதானே?"

"யாரும்மா?"

"கண்ணக் கட்டுனவரு. அதே பொயில வாசன."

"ஊருக்கு ஊரு சந்தேகப்படுறவன் இருக்கத்தான் செய்வான். நீ வாசிக்கறதப் பாரு" என்று சொல்லிவிட்டு அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கச்சேரியில் துண்டு வெளுத்து வந்திருந்தது. பார் சோப்பு வாசனை மட்டும்தான் அடித்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள் என்றால், நான் அப்பாவிடம் சொன்னது அவருக்கு எப்படித் தெரிந்தது?

வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் அப்பாவைக் கவனிக்கத் தொடங்கினேன். மேடைக்கு வருமுன் அவர் யாரோடு பேசுகிறார், யாரைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார் என்று பார்த்தேன். அம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், "ஒங்கப்பா எதையும் எங்கிட்ட சொல்லிட்டா செய்யிறாரு" என்றாள். அவளுக்கும் தெரியாதா, தெரிந்தே அப்படிச் சொன்னாளா என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

நோட்டீஸில் 'எட்டு வயதுச் சிறுமி' என்று அச்சடித்தார்கள். எட்டு வயதில் அது சரிதான். ஒன்பதிலும் பத்திலும் அதே நோட்டீஸ்தான் வந்தது. அம்மா என் கவுனின் மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து நீளமாக்கினாள். சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாசித்தபோது எனக்குப் பதினொன்று முடிந்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் நன்றாகக் காதில் விழும்படி சொன்னாள்.

"இதுவா எட்டு வயசு? எம் பொண்ணு ஆறாவது படிக்கிறா. அவளவிட ஜாஸ்தி வளந்திருக்கு."

அவளை யாரும் மேடைக்கு வாங்க என்று கூப்பிடவில்லை. அப்பா மைக்செட்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வழக்கமான குரல் எழுந்தது, வழக்கமான துண்டு வந்தது. கட்டிய கண்ணோடு வாசித்துக்கொண்டே அந்த அம்மாளை நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் உண்மையாகச் சந்தேகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

தாவணி போட்டதும் கச்சேரிகள் நின்றன. பொருட்காட்சிக்காரர் ஒருவர் வீட்டு வாசலிலேயே அப்பாவிடம் சொன்னார்: "வயசுப் பொண்ணு கிடாரு வாசிக்கறதுல என்னா சார் அதிசயம் இருக்கு? சின்னப் புள்ள யாராச்சும் இருந்தா சொல்லுங்க." நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பைவிட அப்போது நான் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் சிதம்பரத்தில் ஒரு பையன் கிடார் வாசிக்கிறான் என்று நோட்டீஸ் வந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டேன். பையன் குட்டியாக இருந்தான். வேகமாக வாசித்தான். அந்த வயதில் நான் வாசித்ததைவிட வேகம். பக்கத்தில் தபலாக்காரர் பின்தங்கினார். பையன் அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். நானும் அப்படித்தான் போயிருப்பேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டில் எனக்கு நாலு வரிசை முன்னால் ஒருவர் எழுந்தார்.

"நிறுத்துங்க சார். வாசிக்கிறது பையன் இல்ல."

'இல்ல' ஒரு படி வழுக்கி இறங்கியது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அந்த ஆள் அடுத்துச் சொல்லப்போவதை அவர் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடக்கை விரல்நுனிகளில் பிளாஸ்திரி. அதில் ரத்தம் ஊறியிருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

அவன் முதலில் தன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் "இல்லக்கா" என்றான். அவன் அப்பா யாரிடமோ பேசப் போனதும் மெதுவாக, "அந்த மாமா துண்டு நாறுதுக்கா" என்றான்.

நான் அவனுக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான் இருந்தது. "தேங்கா எண்ண தடவாத, தோலு எளகிப்போயிடும். ரொம்ப நேரம் தண்ணியில கை வைக்காத. வலிச்சா நிறுத்திடு." கடைசியில் சொன்னதை அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அப்பாவிடம் கேட்டேன். "அவரு யாரு?"

இந்தத் தடவை அவர் யாரும்மா என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "எங்கூடப் படிச்சவன். நாடகத்துல நடிச்சிக்கிட்டிருந்தான். நல்ல குரலு."

"நீங்கதான் வரச்சொன்னீங்களா?"

"மொத தடவ அவனா வெளையாட்டுக்குக் கத்துனதுதான். அதுக்கு முன்னாடி பாதிப் பேரு எழுந்து பஜ்ஜி சாப்புடப் போய்ட்டிருந்தாங்க. அவன் கத்துனான் பாரு, ஒருத்தரும் அசையல."

"நான் நல்லா வாசிச்சாப் போதாதாப்பா?"

"நல்லா வாசிக்கறத அஞ்சு நிமிஷம் கேப்பாங்க. ஏமாத்துறாங்களான்னு கண்டுபிடிக்கணும்னா விடிய விடிய உக்காருவாங்க. நா என்னா பொய்யா சொன்னேன்? வாசிச்சது நீதானே?"

வாசித்தது நான்தான். ஆனால் அன்றைக்கெல்லாம் கைதட்டியவர்கள் எதற்குக் கைதட்டினார்கள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. தலையில் கைவைத்து, பெரிய ஆளா வருவ என்று அந்த ஆள் சொன்னதைத் தனியாக இருக்கும்போது எத்தனையோ முறை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதுவும் வசனம்தான் என்பதுதான் ரொம்ப வலித்தது.

"இந்தப் பையனோட அப்பாவுக்கும் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா?" என்றேன். கடலூர் பஸ் வந்துவிட்டது. அப்பா எழுந்து இடம்பிடிக்கப் போனார். அந்தக் கேள்விக்குக் கடைசிவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கிடாருக்கு உறைபோட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். விரல்நுனி மெத்தென்று ஆகிவிட்டது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிப் படிப்பை முடித்து ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்திருந்தபோது கடலூர் முதுநகரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டார்கள். அவர்களுடைய கிடார்காரர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஓர் அக்காதான் அங்கே பாடுகிறவர். கட்டிலடிக் கிடாரை வெளியே எடுத்து, விரல் மறுபடி காய்க்கும்வரை பழகினேன். முதல் ஒத்திகையில் எல்லோரும் அசரும்படி வாசிக்க வேண்டும் என்று நான் போனேன். பாட்டின் நடுவில் அந்த அக்கா நிறுத்திவிட்டார்.

"நீ யாருக்கு வாசிக்கிற?"

"பாட்டுக்குத்தான்."

"எனக்கு இன்னும் அந்த வரியே முடியல. நீ அடுத்த வரிக்குப் போயிட்ட. நான் எங்க மூச்சு வாங்குறன்னு நீ கேக்கவே இல்லியேம்மா."

பொறாமையில் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணத்தைத் தேடுகிற புத்தி எனக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் கிடார் முழுக்க ஞாபகம் இருந்தது. அவர் குரல் ஓரிடத்தில்கூட ஞாபகம் இல்லை.

பிறகு கொஞ்ச காலம், பல கம்பிகளைச் சேர்த்துத் தட்டுகிற கார்டுகளை மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டு அவர் மூச்சைக் கேட்டேன். அவருக்கு நைட் டூட்டி முடிந்த அன்றைக்கு மூச்சு சீக்கிரம் முடியும். உயரமான இடம் வருவதற்கு முன் உள்ளே ஒரு சின்ன இழுப்பு இழுப்பார். அது தெரிந்ததும் என் கை தானாகப் பொறுத்துக்கொண்டது. பார்க்கில் ரேடியோ கேட்டுப் பாட்டைத் தேடிய காது எனக்கு எப்போதும் இருந்தது. மேஜைமேல் உட்காரவைத்த பிறகு அந்தக் காதை யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போதும் சின்னப் பிள்ளைகள் மேடையில் வாசித்தால் நான் விரலைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் வாசிப்பவர் பக்கம் அந்தப் பிள்ளை ஒருமுறையாவது திரும்புகிறதா என்று பார்ப்பேன். பெரிய கிடார்காரர்கள் என்று நான் கேட்டு மயங்கியவர்கள் எல்லோரும் அப்படித் திரும்பியவர்கள்தான்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தபோது அப்பா வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த நர்ஸ் பொண்ணு என்னமா பாடுது" என்றார்.

"நான் வாசிச்சது?"

அவர் யோசித்தார். "நீ வாசிச்சது தனியாக் காதுலயே விழலம்மா. அந்தப் பொண்ணு பாட்டுதான் விழுந்துச்சி."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா என்று பிடிபடவில்லை. அவர் விஷயத்தில் எனக்கு எதுவுமே பிடிபட்டதில்லை.

"மைக்க இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து வச்சிக்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோறு வாங்கிக்கொண்டார்.

"சரிப்பா" என்றேன். அடுத்த கச்சேரி கடலூரில். மைக்செட்காரர் வைத்த இடத்திலேயே மைக்கை விட்டுவிட்டு, அக்கா பாடத் தொடங்குவதற்குக் காத்திருந்தேன்.