கங்காணி வீட்டுச் செம்பு

பதுளைத் தேத்தண்ணிக் கடையில் பால் பொங்கிக் கருகும் வாடை வந்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் முதன்முதலாக வாங்கிய பசு, அந்தச் சனியன், அம்மாவைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது. அம்மா கறந்துவிட்டு ஓடுவதற்குள் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கப் பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும்.

"மாட்டுக்காரிக்கு வேலை எதுக்குடி? போ வீட்டுக்கு!" என்று கங்காணி விரட்டினான்.

மறுநாள் அம்மா தன் கம்பளியை எனக்குப் போர்த்திக் கறக்க அனுப்பினாள். பசு மோந்து பார்த்து உதைத்ததில் என் முன்பல் போனது.

பிறகு அம்மா கறந்த ஒரு செம்புப் பால் முழுவதும் தினமும் கங்காணி வீட்டுக்குப் போனது. அம்மா வரும்வரை அவன் பெயர் கூப்பிடவில்லை. எங்களுக்குச் சாணிதான் மிஞ்சியது.

"தேத்தண்ணிக்குப் பால் ஊத்தவா தங்கச்சி?" என்கிறார் கடைக்கார நானா.

"வேணாம் நானா. மாடு வச்சிருந்த வீட்டுல பொறந்தவ நான். பால் பழக்கமில்ல."