வாசலில் நின்றது யார்

பதினெட்டு வயதில் எனக்கு நான்கு பெண்களின் மேல் கிட்டத்தட்டப் பக்தி என்று சொல்லக்கூடிய ஒன்று இருந்தது. அவர்களில் மூன்று பேரை நான் அதுவரை நேரில் கண்டதே இல்லை.

பல்கலைக்கழகக் கம்பஸில் மாணவிகள் தங்களுக்குள் சேர்ந்து நடத்துகிற சகோதரிகள் சங்கத்தைச் சொறோரிட்டி என்பார்கள். பெயருக்கு மூன்று கிரேக்க எழுத்து, ஒரு நிறம், எல்லோரும் எழுந்து நின்று சொல்கிற ஓர் உறுதிமொழி. நான் சேர்ந்த சங்கம் தமிழ்ப் பெண்கள் தொடங்கியது. புதிதாகச் சேருகிறவர்கள் அதைத் தொடங்கிய நால்வரின் பெயரையும் படிப்பையும் ஊரையும் பாடமாக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் அலுத்துக்கொண்டு பாடமாக்கினார்கள். நான் ஆசையோடு செய்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினைந்து வயதில்தான் நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். கம்பஸில் முதலாம் ஆண்டு வகுப்பொன்றில் நான் சொன்ன பதில் விளங்கவில்லை என்று ஆசிரியை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கிழமைதான் சங்கத்தின் அந்த வருட முதல் கூட்டத்துக்குப் போனேன். நால்வரில் மூத்தவரான அக்கா அன்றைக்குப் பேச வந்திருந்தார். அப்போதே அவர் லோயர். அவர் சொன்ன கதை இதுதான்.

கம்பஸுக்கு அருகில் வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடொன்றில் பழைய சொறோரிட்டி ஒன்று இருந்தது. புதியவர்களைச் சேர்க்கும் நாளில் அவர் வீட்டில் உருட்டிப் பொரித்த ரோல்ஸை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு அங்கே போனாராம். வாசலில் நின்ற பெண் அவரின் இங்கிலிஷை இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு இது சரிவராது” என்று சிரித்தபடி கதவைச் சாத்தினாளாம். “பஸ் ஸ்ரொப்பில இருந்து, அழுதழுது அவ்வளவு ரோல்ஸையும் நானே சாப்பிட்டன்” என்று அக்கா சொன்னபோது நாங்கள் சிரித்தோம், அழுதோம். பிறகு நால்வரும் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கினார்கள். “எங்கள் சகோதரி ஒருத்தியை வெளியில் நிறுத்திவிட்டு எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டோம்.” அதுதான் எங்கள் உறுதிமொழி. இங்கிலிஷில் சொல்வோம்.

அந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் கம்பஸின் நான்கு வருடத்தையும் கடந்தேன். முதல் வேலைக்கு நேர்முகம் போனபோது, லிஃப்ற்றுக்குள் நின்று அந்த ரோல்ஸ் தட்டை நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் சங்கத்துக்கு இருபது வயதாகப் போகிறதென்று ஒரு நினைவு மலர் போடத் தீர்மானித்தார்கள். வரலாற்றை நான் எழுதுகிறேன் என்று நானாகவே கையைத் தூக்கினேன். அக்கா என்னை றிச்மண்ட் ஹில்லில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, பேஸ்மென்றிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார்.

“எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. நான் திறந்தே பார்க்கேல்லை. நீர்தான் வடிவா எழுதுவீர்.”

பெட்டியின் அடியில் ஒரு பழைய கொப்பி இருந்தது. முதல் பக்கம் அழகான தமிழ்க் கையெழுத்து. வாசல், தூண், ரோல்ஸ், பஸ் ஸ்ரொப், எல்லாம் இருந்தன. எழுதியவரின் பெயர் நான் பாடமாக்கிய நான்கு பெயர்களில் இல்லை. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, சின்ன வயதில் வந்து தமிழ் மறந்தவர்கள் எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்து: “இனி உம்மை வெளியில விட்டிட்டு நாங்கள் ஒரு வீட்டுக்குள்ளையும் போகமாட்டம்.” கீழே அக்காவும் மற்ற மூவரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

நாங்கள் நூற்றுக்கணக்கான தரம் சொன்ன உறுதிமொழி ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு. அந்தப் பெண் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கொப்பியின் அட்டையில் வோபர்ன் பக்கத்து அப்பார்ட்மென்ற் விலாசம் ஒன்று இருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்தவர் கொப்பியை எழுதியவரேதான். முதியோர் இல்லமொன்றில் வேலை. மன்னாரில் இருந்து வந்தவர். கொப்பியைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டார்.

“உதை இன்னும் வைச்சிருக்கினமே?”

அக்கா சொல்லும் கதையை நான் சொல்லச் சொல்ல அவரின் முகம் மாறியது. “அவ அண்டைக்கு என்னோட வரவேயில்லை தங்கச்சி. அது மீன் ரோல்ஸ். தவக்காலம், எங்கட வீட்டில இறைச்சி இல்லை. அவ சைவம், மச்சமே சாப்பிடமாட்டா.”

இரண்டாம் வருடத்தில் அவரின் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்தது. அவர் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்த மாதம்தான் சங்கத்தைக் கம்பஸில் பதிந்தார்கள். படிவத்தில் மாணவிகளின் பெயரைத்தான் போடலாமாம். பிறகு சேர்த்துக்கொள்வோம் என்று சொன்னார்கள். பிறகு ஒருவரும் அழைக்கவில்லை.

அடுத்த நாளே அக்காவிடம் போனேன்.

“அக்கா, கொப்பியில அஞ்சு பேர் இருக்கினம்.”

அவர் கொப்பியைத் தொடவில்லை. “அவ படிப்பை விட்டிட்டா. நாங்கள்தானே கட்டி எழுப்பினனாங்கள்.”

“அப்ப வாசல் கதை?”

“அது எங்கள் எல்லாருக்கும் நடந்த மாதிரித்தான். ஆர் நிண்டதெண்டதில என்ன கிடக்கு?”

“நீங்கள் ‘நான்’ எண்டெல்லோ சொல்லுறனீங்கள்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “நீர் சொல்லுறது சரி. அஞ்சு பேரெண்டே எழுதும். அவவையும் கூப்பிடும். மேடையில நானே சொல்லுறன்.”

பிழையை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன். அவரை அன்றைக்கு முன்னரைவிடக் கூடுதலாக மதித்தேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எழுதி முடித்ததும், “அச்சுக்கு நான் அனுப்புறன், நீர் களைச்சுப் போனீர்” என்றார். கொடுத்துவிட்டேன்.

விழா ஒரு ஞாயிறு மதியம், மோர்னிங்சைட் பக்கத்து மண்டபமொன்றில். ஐந்தாமவர் வேலையை மாற்றிக்கொண்டு, நாவல் நிறச் சேலை உடுத்து, தனியாக வந்திருந்தார். என் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலும் ஒரு மலர் வைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான்கு படங்கள். நான்கு பெயர்கள். வாசல் கதை, “நான்” என்று அக்காவின் வாயால். கடைசிப் பக்கத்தில் “உதவிய நண்பர்கள்” என்ற பட்டியலின் நடுவில் அவரின் பெயர். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், எழுதியவர் என்று என் பெயர்.

“இது நீங்கள் எழுதினதோ?”

“இல்லை அக்கா. நான் எழுதினது வேறை.”

“பேர் உங்கடதானே.”

அதற்குள் மூத்த அக்கா மைக்கைப் பிடித்துவிட்டார். ரோல்ஸ் தட்டோடு நின்றேன் என்றார். சனம் கண்ணைத் துடைத்தது. உறுதிமொழிக்கு எல்லோரும் எழுந்தபோது ஐந்தாமவரும் எழுந்தார், எல்லோரும் எழும்பினதால். நான் வாயைத் திறக்கவில்லை. மேடைக்குப் போய் அந்த மைக்கை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. சாப்பாடு வருமுன் அவர், “எனக்கு பஸ் வந்திடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தார்.

மூத்த அக்காவை மேசைகளுக்கு நடுவில் மறித்தேன். “ஏன் அக்கா?”

“கம்பஸ் ஆக்கள், புதுப் பிள்ளையள் எல்லாம் வந்திருக்கினம். இருபது வருசமாச் சொன்னதை ஒரு நாளில மாத்த ஏலுமே? நீர் கெட்டிக்காரி. உமக்கு விளங்கும்.” என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பொய்யைவிட அந்தத் தட்டுத்தான் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது. நானும் இந்தப் பொய்க்கு உடந்தையாக இருப்பேன் என்று அவர் எப்போதோ தீர்மானித்திருந்தார்.

அன்று பின்னேரமே கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து, மலரில் இருப்பது என் எழுத்து அல்ல என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினேன். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பேசாமல் இருந்தார்கள். மூத்த அக்காவின் மேல் எனக்குப் பொறாமை என்று ஒருத்தி எழுதினாள். ஒரு கிழமைக்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

ஐந்தாமவர் எனக்குப் போன் எடுத்தார். “தங்கச்சி, நீங்களும் என்னைக் கேக்காமல்தானே என்ரை கதையை எல்லாருக்கும் சொன்னனீங்கள்?”

மன்னிப்புக் கேட்டு, கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேத்தண்ணி தந்தார். மூத்த அக்கா அவரைப் போனில் அழைத்து அழுததாகச் சொன்னார்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“பாவம், அழாதேங்கோ எண்டன். வேறை என்ன சொல்லுறது?”

அவர் கத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரம் என்னுடையது, அவருடையது இல்லை என்று விளங்கவே பல மாதம் எடுத்தது. இதை எழுதலாமா என்று இந்த முறை அவரைக் கேட்டேன். ஒரு கிழமை யோசித்துவிட்டு, “ஒருத்தரின்ர பேரும் போடாமல் எழுதுங்கோ, அவவின்ரையும் வேண்டாம்” என்றார்.