யாரும் சாகாத நாவல் ஒன்று சொல்லுங்கள்

எங்கள் கொல்லங்கோட்டு வாயனசாலையில், அதாவது மலையாளத்து நூலகத்தில், தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரே ஓர் அலமாரி. ஜன்னல் இல்லாத மூலையில் நிற்கிறது. மலையாளப் புத்தகங்களுக்கு மின்விசிறி, எங்களுக்குப் பல்லி. இதற்காக யாரும் கொடி பிடித்ததில்லை. கொடி பிடிக்கிற அளவுக்கு எங்களில் ஆட்கள் இல்லை.

அந்தப் புத்தகங்களின் கடைசி வெற்றுத்தாளில், படித்தவர்கள் பென்சிலால் ஒரு வரி எழுதிவைப்பது பழைய வழக்கம். ‘நடுவில் இழுவை, விட்டுவிடாதீர்கள்.’ ‘மழைக்காலத்துக்கு ஆகாது.’ ‘மாமியார் ஊருக்குப் போன பிறகு படிக்கவும்.’ எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் சிபாரிசை நிறுத்தவில்லை. ஒருமுறை ஒரு தடித்த நாவலின் கடைசித் தாளில் ‘தனியாக இருக்கும்போது வேண்டாம்’ என்று இருந்தது. வாயனசாலையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். புத்தகத்தை அப்படியே சொருகிவிட்டு வெளியே வந்து சோடா குடித்தேன். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். ஐம்பதைத் தாண்டியவன். நாள் முழுக்க மின்சாரத்தோடு குடித்தனம் நடத்துகிறேன், பென்சில் எழுத்துக்கு உயிர் போகிறது.

பென்சில் வழக்கம் இப்போது கைபேசிக்கு வந்துவிட்டது. வாட்ஸப்பில் ஒரு குழு. யாரும் எங்களிடம் ‘நல்ல நாவல் எது’ என்று கேட்பதில்லை. தன் நிலவரத்தைச் சொல்வார்கள். ‘பல் வலி, தூக்கம் இல்லை, என்ன படிக்கலாம்?’ ‘மகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், ஏதாவது சொல்லுங்கள்.’ நாங்கள் வைத்தியர் மாதிரி எடுத்துக் கொடுப்போம். ஒரே ஒரு சட்டம்: கதையைச் சொல்லக் கூடாது. சொன்னவர் எல்லோருக்கும் டீயும், நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியும் வாங்கித் தர வேண்டும். மளிகைக்கடை பாய்தான் சட்ட மந்திரி. அவருக்குப் பழம்பொரி மீது ஒரு பலவீனம்.

சென்ற ஆடியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், எலப்புள்ளி அக்காவின் குரல் வந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குழுவில் அதிகம் படிப்பவர், குறைவாகப் பேசுபவர்.

“ஏனுங்க, ஒரு நாவல் சொல்லுங்க. நல்லா இருக்கோணும்னு இல்லீங்க. யாரும் சாகக் கூடாது. அவ்வளவுதானுங்க.”

பாய் உடனே பாய்ந்தார். “அக்கா, அப்படி ஒண்ணு நம்ம கடையில இருக்குது. காலண்டரு. அதுல எல்லாரும் சிரிச்சுட்டேதான் இருப்பாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் விளையாட்டில்லை என்று எங்களுக்கு உறைத்தது.

சாயங்காலம் நானும் பாயும் அலமாரி முன்னால் போய் நின்றோம். ஒவ்வொன்றாக எடுத்தோம், ஒவ்வொன்றாக வைத்தோம். இதில் தாத்தா போய்விடுவார். இதில் பிரசவத்தில். இதில் கிணற்றில். இதில் பஞ்சம், ஊரே காலி. நகைச்சுவை நாவல் என்று பேர் வாங்கிய ஒன்றில்கூட நாய் செத்தது. “நாயும் கணக்கா?” என்றேன். “உசுருதானே மாப்ளே” என்றார் பாய். இத்தனை வருடமாகப் புத்தக அலமாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. முதுகு காட்டி, நெருக்கி நெருக்கி, எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பாயின் பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றேன். பாதுகாப்புக்கு அல்ல, வெளிச்சத்துக்கு.

அப்போது என் கையில் ‘மாட்டு நாவல்’ கிடைத்தது. அட்டை போய், முதல் தாள் போய், பெயரே இல்லாத புத்தகம். ஒரு கிராமம், ஒரு மாட்டைப் பற்றிய சண்டை, கடைசியில் கல்யாணம். நான் இரண்டுமுறை படித்திருக்கிறேன். “அக்கா, கெடச்சுது! சத்தியமா இதுல ஒருத்தரும் சாகமாட்டாங்க” என்று குழுவில் முழங்கினேன். பாயும் படித்தவர்தான். “மாடுகூடச் சாகாது” என்று முத்திரை குத்தினார். மறுநாளே அக்கா பஸ் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, பாதிக்கு வந்தாச்சுங்க. நான் வாசிக்கிறேன், மாமா கேக்குறாரு.”

மாமா என்பது அவர் வீட்டுக்காரர். தென்னையும் நெல்லும் தவிர வேறெதையும் வாசித்தறியாதவர். நெஞ்சில் அடைப்பு என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை ஆபரேஷன். போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கோயில்ல பூக் கேக்கலாம்னு சொன்னனுங்க. அதுக்கு அவரு, ‘போன தடவ கெணத்துக்குப் பூக் கேட்டம், வெள்ளப் பூ வந்துச்சு, வெட்டுனா பாறை. அந்தச் சாமிக்கு என்ன தெரியும்? நீ எப்பப் பாத்தாலும் புஸ்தகத்தைத்தான நம்புற, அதையே கேட்டுப் பாக்குறேன். ஒண்ணு வாசி. ஒருத்தரும் சாகலீன்னா போறேன். யாராச்சும் செத்தா, என்னை எங்கயும் கூப்புடாதே’ன்னுட்டாருங்க.”

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அக்கா செய்தது, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைக்கிற வேலை. அந்தப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தவன் நான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. “தைரியமா வாசிங்க அக்கா” என்றேன்.

சூரியநெல்லியில் எங்கள் குழுவின் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ். லீவுக்குக் கொல்லங்கோட்டில் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரியை மொய்த்துவிட்டுப் போவாள். மழையில் அங்கே சிக்னல் போய், பல நாளாக அவள் சத்தமே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் சிக்னல் வந்திருக்கிறது. பழைய செய்திகளையெல்லாம் கேட்டுவிட்டு நேராக எனக்குப் போன் போட்டாள்.

“என்னண்ணே இப்படிச் சொல்லியிருக்கீங்க? மாட்டு நாவல்ல அந்தப் பெரியவரு செத்துருவாருல்ல! நான் மாத்திரைய எண்ணிக்கிட்டே அழுதேன். நீங்க அதைப் படிச்சீங்களா, இல்ல அட்டையப் பாத்துட்டு வச்சீங்களா? அதுக்கு அட்டையும் கெடையாதே!”

“எந்தப் பெரியவரு?”

“மாட்டைப் பாத்துக்கிடுவாரே, அவருதான். சத்தமே இல்லாமச் செத்துப் போவாரு.”

பெரியவர் எனக்கு நினைவிருந்தார். தோளில் ஈரத்துண்டு, மாட்டிடம் மட்டும் பேசுகிறவர். அவர் செத்தது நினைவில் இல்லை. கல்யாணப் பந்தலில் அவர் எங்கே நின்றார் என்று யோசித்தேன். பந்தல் தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, மாப்பிள்ளையின் புது வாட்ச்கூடத் தெரிந்தது. அவர் இல்லை. இரண்டுமுறை படித்த எனக்கு, ஒரு மனிதர் வழியில் காணாமல் போனது தெரியவில்லை.

பாயின் கடைக்கு ஓடினேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“அவரு எங்க மாப்ளே செத்தாரு? மாடு திரும்பி வந்தப்ப அவருதான கயித்தைப் புடிச்சாரு?”

“அதை நீங்க படிச்சீங்களா, இல்ல நெனச்சுக்கிட்டீங்களா?”

தராசு ஆடி நின்றது. “தெரியலியே” என்றார். பாயின் முகத்தில் பழம்பொரியே இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம் என்றால், இருக்கிற ஒரே பிரதி எலப்புள்ளியில். அக்காவுக்குப் போன் போட்டு, ‘நிறுத்துங்கள், ஒருத்தர் சாகப் போகிறார்’ என்று சொல்லலாம். ஆனால் மாமாவுக்குக் காது கேட்காதென்று யார் சொன்னது? அக்கா பாதியில் நிறுத்தினாலே போதும், அவர் புரிந்துகொள்வார். கதையைச் சொல்லக் கூடாது என்ற எங்கள் சட்டம் அதுவரை வெறும் டீ விவகாரமாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்தேன். பக்கத்துச் சித்தூரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் பனை. இடி விழுந்து தலை போன பனைகளை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு ஒவ்வொன்றும் தோளில் ஈரத்துண்டோடு நின்றது. ஓரமாக நிறுத்தி என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். துடிக்கவே இல்லை. சரிதான், நான்தான் அந்தச் சாவு போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான், ரெயின்கோட்டின் கையை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

அக்கா வீட்டில் நுழையும்போதே வாசிப்புச் சத்தம் கேட்டது. மாமா கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி படுத்திருந்தார்.

“வாங்க மாப்ளே. என்ன, இப்படி நனைஞ்சுட்டு?”

“சும்மாங்க மாமா. அக்கா, தொண்டை கட்டியிருக்குது பாருங்க. குடுங்க, நான் வாசிக்கிறேன்.”

“எனக்கென்னுங்க தொண்டைக்கு?” என்று ஆரம்பித்த அக்கா, என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு வாசிப்பு வாசித்ததில்லை. சாவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தாளையும் பாம்புப் பொந்தில் கைவிடுகிறவன் போலத் திருப்பினேன். பெரியவர் இருமினார், இருமலை விழுங்கினேன். பெரியவர் குளிர் என்றார், அதையும் விழுங்கினேன். மாமா கண்ணைத் திறக்காமலே, “என்னுங்க, அங்கங்க பல்லு போன மாதிரி வாசிக்கிறீங்க?” என்றார்.

“அச்சு தேஞ்சிருக்குதுங்க மாமா.”

இருட்டத் தொடங்கும் நேரத்தில் அந்த வரி வந்தது. ஊரில் எல்லோரும் மழையைக் கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் ஓடுகின்றன. நடுவில் ஒரு வாக்கியம்: அந்த வருட மழைக்குப் பெரியவர் இருக்கவில்லை. அவ்வளவுதான். அடுத்த வரியில் திரும்பவும் குழந்தைகள். நானும் பாயும் அந்தக் குழந்தைகளின் பின்னாலேயே ஓடிவிட்டிருக்கிறோம். அவர் செத்ததைக்கூடக் கவனிக்காமல், இரண்டு தடவை.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் மாமா.

“அந்த வருச மழைக்கு...” என்றேன். விரலால் அந்த வரியை மூடிக்கொண்டேன். “பெரியவர் திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருந்தார்.”

“அவருக்கு ஏது மகள்?”

“இருக்குதுங்க. முன்னாடியே வந்துச்சு, அச்சு தேஞ்ச எடத்துல.”

நான் மேலே வாசித்தேன். நினைத்த மாதிரி எளிதாக இல்லை. ஒருவரைச் சாகவிடாமல் பிடித்துவிட்டால், மீதிப் பக்கங்கள் முழுக்க அவருக்குச் சோறு போட வேண்டும். மாடு திரும்பி வந்ததும் மாமா கேட்டார், “பெரியவரு வல்லியா?” வரவழைத்தேன். எழுதியவர் கொன்றுவிட்ட மனிதரை, மழையில் நனைந்த துண்டோடு திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏற்றிக் கொண்டுவந்தேன். கல்யாணப் பந்தலில் ஒரு நாற்காலி போட்டேன். அவர் உட்கார்ந்து, மணப்பெண்ணிடம் நாலு வார்த்தை பேசினார். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று சத்தியமாகத் தெரியாது. நான் அவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் இல்லை. பின்கழுத்தில் ஈரமாக ஏதோ உரசியது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. என் சட்டைக் காலர்தான் நனைந்திருந்தது என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகம் முடிந்தது. மாமா கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “செரி. திங்கக்கெழம போலாம்” என்றார்.

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அழுதாரா, காப்பி போட்டாரா என்று தெரியாது. காப்பி வந்தது, சர்க்கரைக்குப் பதில் உப்பு.

திங்கட்கிழமை கடையைத் திறந்தேனே தவிர, ஒரு காயில்கூடச் சுற்றவில்லை. புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. செத்தவர்களின் வரிசையிலிருந்து ஓர் ஆளை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே ஓர் இடம் காலி. அதை யாரைக் கொண்டு நிரப்புவார்கள்? இதைப் பாயிடம் சொன்னேன். ‘மாப்ளே, உனக்கு மூளையில வைண்டிங் கருகிப்போச்சு’ என்று சொல்வார், திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சூரியநெல்லித் தங்கச்சி அவ்வப்போது கேள்விக்குறி ஒன்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். என்னிடம் அன்றைக்கு நகைச்சுவைகூட இல்லை, அது எனக்கு மின்சாரம் போன மாதிரி.

மறுநாள் காலையில் எனக்குத் தனியாக அக்காவின் குரல் வந்தது. பின்னணியில் ஏதோ கருவி சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“தம்பி, நல்லாருக்காருங்க. கண்ணு முழிச்சுட்டாரு. தண்ணி கேட்டாரு, டாக்டரு பஞ்சுல நனைச்சுக் குடுக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டாருங்க. கல்யாணமெல்லாம் முடிஞ்சுதே, அந்தப் பெரியவரு இப்ப என்ன பண்ணிட்டு இருப்பாருன்னு கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்றது? புக்குல பாத்தனுங்க தம்பி, வரிவரியாப் பாத்தேன். இல்லீங்களே. நீங்கதான் சொல்லோணும்.”

காலையிலேயே கடைக்கு வந்து உட்கார்ந்திருந்த பாய் என்னைப் பார்த்தார். நான் கைபேசியைப் பார்த்தேன். சொன்னால், இனி அவரை நான்தான் காப்பாற்ற வேண்டும், எத்தனை வருடம் என்று தெரியாமல். குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்காருங்க அக்கா” என்றேன்.