உத்தரவு இல்லாமல் திறந்த பூட்டு

பாளையம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சைக்கிளில் வந்த பழைய வார்டர் ஒருவர் இறங்கிச் சொன்னார்: “ஓவர்சியர் சார், நம்ம முத்திருளாண்டி அண்ணன் காலையில தவறிட்டாக.”

கிளைச்சிறையில் தலைமை வார்டராக இருந்து ஓய்வு பெற்ற முத்திருளாண்டியை இந்த வட்டாரத்தில் உங்களில் பலர் அறிவீர்கள். கைதியைத் தப்பவிட்டவர் என்று மட்டும் சிலர் அறிவீர்கள். அன்று அங்கே இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தச் சிறை, வெள்ளைக்காரர் காலத்தில் பருத்திக் கிட்டங்கியாகக் கட்டப்பட்டது. பொதிகளுக்கான கட்டடம் என்பதால் சன்னல் கிடையாது. சிறையாக மாற்றியவர்கள் சுவரின் உச்சியில் சிறு துவாரங்களை மட்டும் போட்டார்கள். கருங்கல் சுவர், மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மச்சு. எண்பதுகளில் பொதுப்பணித்துறை ஓவர்சியராக அதைப் பார்வையிட்டேன். உத்தரத்தில் உளியை வைத்ததும் அது புதைந்தது.

“பாக்கத்தான் கோட்டை சார்,” என்றார் முத்திருளாண்டி. “உள்ள கரையானுல்ல குடித்தனம் நடத்துது.”

கைதிகளை வேறிடம் மாற்றச் சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை.

ஐப்பசி மழையில், மச்சுக்கு முட்டுக் கொடுக்க ஆட்களோடு போயிருந்தேன். உள்ளிருந்து ஒரு கைதி அலறினான்: “ஐயா, தலையில மண்ணு கொட்டுது!” முத்திருளாண்டி மேலதிகாரிக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை.

“உத்தரவு இல்லாமத் தொறந்தா வேலை போயிரும்ணே,” என்றார் உடனிருந்த வார்டர்.

“போனாப் போகுதுலே. சாவிய எடு.”

எல்லோரையும் முற்றத்து மழையில் கொண்டுவந்து நிறுத்தினார். சற்று நேரத்தில் மச்சு பக்கச் சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அந்தக் களேபரத்தில் ஒருவன் இடிபாட்டின் வழியாக ஓடிவிட்டான்.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: “மேலிருந்து உத்தரவு வந்ததா?”

“வந்துச்சுய்யா. மண்ணு மண்ணா வந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஓடியவன் பந்தல்குடியில் லாரி ஏறும்போது பிடிபட்டான். உத்தரத்தின் நிலையைப் பற்றி நான் சாட்சி சொன்னேன். வேலை திரும்பக் கிடைத்தது. பதவி உயர்வு கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றபின், தொண்ணூறுகளில் ஒருமுறை, அதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன்.

“இல்லாம இருக்குமா சார்? ஆனா உள்ள இருக்கவன் எப்படித் தொறப்பான்? சாவி நம்ம இடுப்புலல்ல தொங்குது.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில்தான். இப்போது பள்ளிக்கூடமோ மில் விடுதியோ, எதைச் சோதிக்கப் போனாலும், விரிசலைத் தேடுவதற்கு முன், கதவை எந்தப் பக்கம் பூட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன்.