மேலே நிறையப் பனி

மேகத்தை ஆராய்கிறவனிடம் ஊர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு மட்டும் அவனிடம் பதில் இருக்காது. பல் டாக்டரைப் பிடித்து முழங்கால் வலிக்கு மருந்து கேட்பார்களே, அந்த மாதிரித் தொழிலில் நீங்களும் மாட்டியிருந்தால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

விமானத்தில் ஐஸ் படிவதுதான் என் ஆராய்ச்சி. இடிமேகத்தின் உயரத்தில் தண்ணீர், உறைகிற குளிரிலும் உறையாமல் துளியாகவே நிற்கும். விமானத்தின் இறக்கை பட்டதும் சட்டென்று ஐஸாகி ஒட்டிக்கொள்ளும். அதை அளக்க, தம்புள்ளைக்குப் பக்கத்தில் கலேவெல என்கிற ஊரில் நிசார் நானாவின் வீட்டில் இரண்டு அறை எடுத்து, நானும் என் கூட்டாளி சமனும் பலூன் விட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் நானாவின் பெரிய வெங்காயம். பிடுங்கி, வயலிலேயே காயப் போட்டிருந்தார். அது நனையாமல் காய்ந்தால் அவருக்கு அந்த வருஷம் பிழைத்தது. நனைந்தால் போச்சு.

தலைக்கு மேல் ஐஸ்

தினமும் காலையில் தேத்தண்ணியோடு வந்து, "மழை வருமா தம்பி?" என்பார். அது என் வேலை இல்லை என்று தொடங்கி, மண்டையைப் பிளக்கிற வெயிலில் நின்றுகொண்டு ஐஸைப் பற்றி விளக்குவேன். கையை இறக்கை மாதிரி நீட்டி, ஐஸ் ஏறினால் விமானம் எப்படித் தடுமாறும் என்றும் காட்டுவேன். மனுஷன் பொறுமையாகக் கேட்பார். ஒரு நாள் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"ப்ளேன்ல போறவங்கள இவ்வளவு யோசிக்கிறீங்க, சந்தோசம். கீழ ஈக்கிறவங்கள யாரு தம்பி யோசிக்கிற?"

லக்கலவில் இறங்கிய பெட்டி

பலூன் மேலே போய் வெடித்துவிடும். அதில் கட்டிவிட்ட கருவிப் பெட்டி ஒரு சின்னப் பாராசூட்டில் எங்காவது இறங்கும். ஒன்று லக்கலவில், காட்டை வெட்டிப் பயிர் வைத்த ஒரு சேனையில் கிடப்பதாக, அதில் ஒட்டியிருந்த நம்பருக்கு போன் வந்தது. பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை. சமனைக் கலேவெலயில் விட்டுவிட்டு நான் வேனில் போனேன்.

சோளம் முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. யானை வேலை. சேதம் பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்து, சேனைக்காரர் ஓடிப் போய் இளநீர் வெட்டினார். பெட்டிக்காகத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காவல் பரணில் தொங்கிய பெட்டியை அவிழ்த்துத் தந்து, சிங்களத்தில் இவ்வளவுதான் சொன்னார்:

"பெட்டி விழுந்திச்சுன்னா மட்டும் உடனே ஆள் வருது, மாத்தயா."

சமனின் தமிழ்

திரும்பி வரும்போது கலேவெலக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வெங்காயம் வெள்ளத்தில் மிதந்தது. மூட வேண்டிய படங்கு மடித்தபடி மதிலோரம் கிடந்தது.

நிசார் நானாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் சமன் அவரோடு தமிழில்தான் பேசுவான். அது அவன் வைத்திருந்த மரியாதை. 'ஐஸ்' தமிழ் இல்லையே என்று அகராதி பார்த்து, 'பனி' என்று பாடம் பண்ணி வைத்திருந்தான். மத்தியானம் ராடார் படத்தில் பெரிய இடிமேகம் திரள்வதைப் பார்த்தவன், மேலே அவ்வளவு ஐஸ் என்றால் கீழே கொட்டப்போவது மழைதான் என்று ஓடிப் போய், "நானா, மேல நிறையப் பனி! கவனம்!" என்றிருக்கிறான். நானா தலையாட்டினார். படங்கை எடுக்கப் போகிறார் என்று நினைத்து இவன் பலூனுக்கு ஓடினான். பனி என்றால் நமக்கு என்ன அர்த்தம்? தலையில் விழும், சளி பிடிக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் என்ன அக்கறை என்று நெகிழ்ந்து, நானா தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

விஷயம் விளங்கியதும் சமன் சேற்றில் உட்கார்ந்து அழுதான். ஈர மஃப்ளரைத் தலையிலிருந்து எடுக்காமலே, நானா அவன் தோளைத் தட்டினார்:

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க தம்பி. எங்களுக்குத்தான் தமிழ் விளங்கல்ல."

தம்புள்ளை

அழுகாததைப் பொறுக்கி, லொறியில் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோனோம். சமன் மூட்டை தூக்கினான்; வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கடை முதலாளி ஒரு வெங்காயத்தை எடுத்து, அதன் கழுத்தில் பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. வேறொரு மூட்டையில் இன்னொன்று. அதுவும் அப்படியே. விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, நானாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இறக்க வேணாம் நானா. லொறிய அப்படியே திருப்புங்க."

விமானத்தில் போகிறவர்கள் இனி நிம்மதியாகப் போகலாம்: அந்தப் பருவம் முழுக்க நாங்கள் எடுத்த அளவீடுகளில் ஆகச் சிறந்தது, நிசார் நானாவின் வெங்காயத்தை அழுகவைத்த மேகத்தினுடையதுதான்.