லோயர் தம்பியின் பில்லும் என் சிவப்புப் பேனாவும்

வக்கீல் பில்லைச் சரிபார்ப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிப்பது போன்ற வேலை. எல்லா இலையையும் எட்டிப் பார்க்கலாம், நமக்கென்று ஓர் இலை இருக்காது. பிறர் பில்லைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன தொழிற்சங்கத்துக்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொழில் நியாயசபையில் தொழிலாளிக்காகப் பேச சட்டத்தரணிதான் வேண்டும் என்றில்லை, சங்கப் பிரதிநிதியும் பேசலாம். துண்டுப் பிரசுரம் படித்தே சட்டம் கற்ற நான் ஹட்டனில் பல வருடம் அப்படிப் பேசினவன். பிறகு சங்கம் தயாபரன் என்ற சட்டத்தரணியை அமர்த்தியது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து கொழும்பில் படித்தவர். என் மகன் வயதுதான். அவருடைய பில் நியாயமானதா என்று பார்க்கும் பொறுப்பை என்னிடம் தள்ளினார்கள். நான் கையெழுத்திட்டால்தான் அவருக்குப் பணம் போகும். போன விசாரணைத் தவணைக்கான பணம் போகாவிட்டால் அடுத்த தவணைக்கு அவர் வரமாட்டார்.

அப்போது அவர் கையில் இருந்தது பார்வதியின் வழக்கு. உடப்புசல்லாவைப் பக்கத்தில் கொழுந்து பறிப்பவள். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையைத் தள்ளிவிட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். தோற்றால் வேலையோடு அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

மண்சரிவு நாள்

பில்லில் முதல் வரி, "தோட்டத்துக்குச் சென்று பார்வையிட்டது, நான்கு மணித்தியாலம்." தேதியைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அன்றைக்கு மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஆள் அகப்பட்டார் என்று பஸ் ஏறி, சாட்சிக்குப் பார்வதியிடமே போய்க் கேட்டேன்.

"வந்தாருங்க. வேன் வராதுன்னு மண்ணுக்கு அந்தப் பக்கமே எறங்கி நடந்து வந்தாரு. மலைக்குக் கூட்டிட்டுப் போயி, சாக்க எப்படித் தராசுல மாட்டுவன்னு என்னைய மாட்டிக் காட்டச் சொன்னாரு," என்றாள். நான் சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டிருந்தபோது மேலும் சொன்னாள்: "நீங்க வந்தா ரோட்டோட பேசிட்டுப் போயிருவீங்களே தலைவரே, மலைக்கெல்லாம் ஏறினதில்லையே."

கேட்டதற்குக் கட்டணம்

இன்னொரு வரி, "சங்கத்தின் மூத்த உறுப்பினருடன் ஆலோசனை, இரண்டு மணித்தியாலம்." அந்த மூத்த உறுப்பினர் நான்தான். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது வழக்கம் என்று கேட்க என் வீட்டுக்கு வந்திருந்தார். சொன்னேன். அதோடு, தோட்டத் துரையைப் பங்களாவை விட்டு வெளியே வரவிடாமல் நாங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையும், நான் மறியலில் அடைபட்டுக் கிடந்ததையும், அன்று பேசிய பேச்சையும் சொன்னேன். என் அறிவைக் கொடுத்தது நான், தேத்தண்ணி கொடுத்தது என் மனைவி, பில் அனுப்பியது அவர்.

அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, போனில் விளக்கம் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "தோழர், கழிவைப் பத்தி பத்து நிமிஷத்துல சொல்லிட்டீங்க. மிச்ச நேரத்துக்குத்தாங்க பில்லு."

மேசை லாச்சி

அதன் பிறகு பில்லில் ஒரு குறையும் அகப்படவில்லை. அதுதான் குறை. முன்பு நான் நியாயசபைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருந்த சனம் எழுந்து நிற்கும். இப்போது அவருக்கு எழுந்து நிற்கிறார்கள், நான் பின்னால் வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். மேசை லாச்சியை இழுத்து பில்லை உள்ளே போட்டு, "பரிசீலனையில்" என்று எழுதிவைத்தேன். மூன்று கிழமை அங்கேயே கிடந்தது.

தவணைக்கு நான்கு நாள் இருக்கும்போது பார்வதி ஹட்டன் அலுவலகத்துக்கு வந்தாள். பணம் இன்னும் போகவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பயப்படாதே, அவர் வராவிட்டால் நான் பேசுகிறேன்," என்றேன். பல வருடமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்து, கடைசியில் நானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பேசினா எங்களுக்குக் கை தட்டணும்போல இருக்கும் தலைவரே. ஆனா எனக்குக் காம்பரா வேணுமுங்க."

இரண்டு நிமிடம்

அவள் முன்னாலேயே லாச்சியைத் திறந்து பில்லை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அடித்த வரிக்குப் பக்கத்தில் "அனுமதிக்கப்பட்டது" என்றும் எழுதினேன். தவணையன்று பின் பெஞ்சில் இருந்தேன். இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினாள் என்றார் கணக்கப்பிள்ளை. அந்த நேரம் அவளுடைய சாக்கு எங்கே இருந்தது என்று தயாபரன் மெதுவாகக் கேட்டார். "ரெண்டு கையாலயும் தூக்கித் தராசுல மாட்டிக்கிட்டு இருந்தா" என்று சொல்லிவிட்டு, சொன்னதை விழுங்க முடியாமல் நின்றார் கணக்கப்பிள்ளை. எழுந்த இரண்டே நிமிடத்தில் தயாபரன் உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தால் அந்த இடத்தில்தான் பேச்சையே தொடங்கியிருப்பேன்.

சில மாதத்தில் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் பார்வதி அலுவலகத்துக்கு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். எனக்கும் ஒன்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடைசிப் பில்லு வந்திருக்குமே தலைவரே, அதையாச்சும் லாச்சியில போடாம அனுப்பிருங்க."

ஒரு வக்கீல் பில் நியாயமானதா என்று கண்டுபிடிக்க இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே வழி, வரிக்கு வரி தேடியும் ஒன்றும் அகப்படாமல் வயிறு மட்டும் எரிந்தால் அது நியாயமான பில்.