நான்கு எண்களுக்காகச் சொன்ன பொய்

நலமாக இருந்த என் மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி, நடுக்கடலில் தொழில் செய்துகொண்டிருந்த ஒரு விசைப்படகைக் கரைக்குத் திருப்பியவள் நான். எதற்காக? கைப்பேசியைத் திறக்க!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

காசிமேட்டில் எங்கள் வீடு. கணவர் படகுத் தொழிலாளி. காலையில் கைப்பேசியைக் கையில் எடுத்தேன் என்றால் அடுப்பில் சோறு தீயும், மூன்று வயது மகள் பசியில் அழுவாள்... நான் யாருடைய வீடியோவையோ பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆனதும் கைப்பேசி பூட்டிக்கொள்ளும்படி செய்யச் சொல்லி நானேதான் அவரிடம் கெஞ்சினேன். திறக்கும் எண்ணை என்னிடம் சொல்லவே கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். அப்படியே செய்துவிட்டு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் போக்குக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, கடலேறினார்.

நான்காம் நாள் மதியமே என் இரண்டு மணி நேரம் தீர்ந்துவிட்டது. அன்று மாலை நான்கு மணிக்கு, நான் மாதக்கணக்காக வீடியோவில் பார்த்துவந்த ஒரு பெண், தன் பச்சிளம் குழந்தையின் முகத்தை முதன்முதலாகக் காட்டுவதாக இருந்தாள். அவள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது! ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை.

படகு உரிமையாளரின் கொட்டகைக்கு ஓடினேன். படகோடு பேச அங்கிருந்த வயர்லெஸ்ஸில் கணவரிடம் அழுதேன். "பாப்பாக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குதுய்யா. டாக்டர் சீட்ட போன்லதான் போட்டோ எடுத்து வெச்சிகீறேன். நம்பர சொல்லு!"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான்கு எண்களையும் சொன்னார். குரல் உடைந்திருந்தது. பின்னாலிருந்து படகை ஓட்டும் டிரைவர் அண்ணனின் சத்தம் கேட்டது: "அழுவாதம்மா. வலைய தூக்கிகினு வந்துர்றோம்."

வேண்டாம், திரும்பாதீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்... சொன்னேனா? வீட்டுக்கு ஓடினேன். நான்கு மணிக்கு அந்தக் குழந்தையைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதன்பிறகும் பொழுது சாயும்வரை வேறு எதையெதையோ பார்த்தேன். போய் உண்மையைச் சொல்ல, கொட்டகை கூப்பிடு தூரம்தான்!

மறுநாள் காலை, படகு வந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் செய்த காரியம் இருக்கிறதே... எப்படிச் சொல்வேன்? வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளை இழுத்துவந்து பாயில் படுக்கவைத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். அவள் சிணுங்கினாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி அதட்டினேன்.

கணவரோடு படகில் போன எட்டுப் பேரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு மாதம் வேலையின்றிக் கிடந்து, முதல் போக்கையும் பாதியில் விட்டு வந்தவர்கள். டிரைவர் அண்ணன் துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தார். "காச்ச வுட்டுச்சிபா! கடல் இன்னா ஓடியா பூடும்? மீன அப்பால புடிச்சிக்கலாம்" என்றார். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்!

அவர்கள் போனபின் கணவர் என் கைப்பேசியிலிருந்து அந்தப் பூட்டை நீக்கினார். "நான் பூட்டு போட்டதாலதான நீ இப்டி அல்லாடின... தப்பு என்னுது. மன்னிச்சிடு" என்றார்.

உண்மை தொண்டைவரை வந்தது. "பரவால்லய்யா" என்றேன். மன்னித்துவிட்டேன்! நான், அவரை!

இப்போதும் அப்பா கரைக்கு வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், என் மகள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். துணி போடச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறாள். அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.